தெரிந்தவனின் மௌனம்

கலிபோர்னியாவில் குடியேறி முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்ட என் கல்லூரிக் காலத் தோழர் ஒருவர் சென்ற வருடம் எனக்கொரு கடிதம் எழுதியிருந்தார். இன்றும் கையால் எழுதித் தபாலில் அனுப்பும் பழக்கத்தை விடாதவர் அவர். தொழிலால் கணக்காளர். ஓய்வு நேரங்களில் பழைய இசைக்கருவிகளை வாங்கி, திருத்தி, விற்பார். அவற்றுள்ளும் உகுலேலே எனப்படும் சிறிய நான்கு தந்தி வாத்தியத்தின் மீதுதான் அவருக்கு அதிகப் பிரியம்.

கடிதத்தில் இருந்த விஷயம் இதுதான். ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து ஊரில் ஒரு வீட்டின் முன்னால் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக் கொண்டிருந்தார் ஒரு மூதாட்டி. கணவர் காலமாகிச் சில மாதங்கள்தான். வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு மகளுடன் போய் இருக்கப் போகிறார். மேசையில் கோப்பைகளுக்கும் மேசை விளக்குகளுக்கும் நடுவே ஓர் உகுலேலே கிடந்தது. அதில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில் 20 டொலர் என்று எழுதியிருந்தது. தோழர் அதைக் கையில் எடுத்து, திருப்பி, தலையின் பின்புறம் பதித்திருந்த முத்திரையைப் பார்த்தார். பென்சில்வேனியாவிலுள்ள நாசரேத் என்ற ஊரில் மார்ட்டின் கம்பனியார் 1920களில் செய்த மூன்றாம் வகை உகுலேலே அது. இருபது டொலரைக் கொடுத்து வாங்கினார். உள்ளே கழன்றிருந்த ஒரு தாங்குகட்டையை ஒட்டி, துடைத்து, புதிய தந்தி பூட்டி, மூன்று வாரத்தில் 1,600 டொலருக்கு விற்றார்.

"நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை மச்சான். அவர் கேட்டதைக் கொடுத்தேன். பேரம்கூடப் பேசவில்லை. கூடவே வேண்டாத இரண்டு பழைய இசைத்தட்டுகளையும் எடுத்துக் கொண்டேன். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ நெருடுகிறது. நீ வியாபாரியின் மகன். நான் செய்தது பிழையா, சொல்லு" என்று முடித்திருந்தார்.

நான் உடனே பதில் எழுதினேன். பிழை எதுவுமில்லை, விலையைச் சொன்னவர் அவர், நீ கொடுத்தாய், வியாபாரம் என்பது அதுதான் என்று எழுதினேன். அந்தப் பதிலை அனுப்பிய பிறகுதான் எனக்கு நெருடத் தொடங்கியது. அவசரமாகச் சொன்ன அந்தப் பதிலைத் திருத்திக் கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

*

முதலில் அந்த வாத்தியத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில், அதன் விலை எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் இந்தக் கேள்வியைத் தொட முடியாது.

1879 ஓகஸ்ட் 23ஆம் திகதி 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள போர்த்துக்கேயத் தீவான மதீராவிலிருந்து கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக நானூறுக்கும் மேற்பட்டோர் அதில் வந்திறங்கினார்கள். அவர்களுள் மனுவேல் நூனெஸ், அவுகுஸ்தோ தியாஸ், ஜோஸே தோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்ற மூன்று மரவேலைக்காரர்களும் இருந்தனர். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் ஹொனலூலுவில் பட்டறை வைத்து, தம் ஊரின் 'மச்செத்தே' என்ற சிறு வாத்தியத்தைச் சற்று மாற்றி, ஹவாயில் மட்டுமே வளரும் கோஆ மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். வேல மரத்தின் இனத்தைச் சேர்ந்தது கோஆ. மன்னர் கலாகௌவா இந்த வாத்தியத்தை விரும்பி ஆதரித்தார். 1886இல் நடந்த அவரது ஐம்பதாவது பிறந்தநாள் விழாவில் ஹூலா நடனத்துக்கு இதுவும் வாசிக்கப்பட்டது.

உகுலேலே என்ற பெயருக்குக் 'குதிக்கும் தெள்ளு' என்று பொருள் சொல்வார்கள். வாசிப்பவரின் விரல்கள் தந்திகளின் மீது துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயராம். கடைசி அரசியான லிலியுகலானி அப்படிச் சொல்லவில்லை. 'இங்கு வந்து சேர்ந்த கொடை' என்று அதற்குப் பொருள் கொண்டார். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் அதே போர்த்துக்கேயர் தம் தந்தி வாத்தியங்களோடு வந்திறங்கினார்கள். நாம் கேட்கும் பைலாவுக்குள் அதன் எச்சம் இருக்கிறது. ஆகவே உகுலேலே நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளல்ல, தூரத்து உறவு எனலாம்.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சியில் ஹவாய் மண்டபத்து இசையைக் கேட்டவர்கள் அதில் மயங்கினார்கள். அமெரிக்கா முழுவதும் உகுலேலே மோகம் பரவியது. கிட்டார் செய்வதில் பேர்பெற்றிருந்த மார்ட்டின் கம்பனியார் 1916 முதல் இதையும் செய்யத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஹொனலூலுவில் சாமுவேல் கமாகா தன் பட்டறையை ஆரம்பித்தார். அன்னாசிப் பழ வடிவிலான அவரது உகுலேலேக்கு 1928இல் காப்புரிமை கிடைத்தது. பொருளாதார மந்தம் வந்து அந்த அலை ஓய்ந்தது. 1949இல் மரியோ மக்கஃபெரி செய்த பிளாஸ்டிக் உகுலேலேயோடு இரண்டாவது அலை எழுந்தது. 1993இல் வெளிவந்த இஸ்ரேல் கமகவிவோஓலேயின் இசைத்தொகுப்புக்குப் பிறகு மூன்றாவது அலை. ஒவ்வோர் அலையும் ஓயும்போது ஆயிரக்கணக்கான உகுலேலேகள் அலுமாரிகளுக்கு மேலும் பரண்களிலும் ஒதுங்கின. மீண்டும் அலை எழும்போது அவற்றைத் தேடிக்கொண்டு என் தோழரைப் போன்றவர்கள் புறப்படுகிறார்கள்.

*

இந்த வியாபாரத்தின் இயல்பைக் கவனித்தால் நம் கேள்வியின் முடிச்சு தெரியும். பழைய உகுலேலேயின் விலையில் மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் ஒரு பங்குதான் உண்டு. மறு பங்கு அறிவுக்கு உரியது.

மார்ட்டின் கம்பனியார் தமது கிட்டார்களுக்கு 1898 முதல் வரிசை எண் இட்டு வந்தார்கள். உகுலேலேகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எண் கிடையாது. ஆகவே ஒன்றின் வயதைக் கணிப்பது அடையாளங்களைக் கொண்டுதான். தந்தியை முறுக்கும் ஆணிகள், அதாவது வீணையில் பிருடை என்கிறோமே அவை, மரத்தாலானவையா உலோகமா? கம்பனிப் பெயர் தலையின் பின்புறம் முத்திரையாகப் பதிந்திருக்கிறதா, பிற்காலத்தவற்றில் போல முன்புறம் ஒட்டப்பட்டிருக்கிறதா? வகையைக் கணிப்பதும் இதே விதமாகத்தான். அலங்காரமே இல்லாதது பூச்சிய வகை. வெள்ளைக் கரையிட்டது இரண்டாம் வகை. பல கோடுகளாலான கரையும் விரற்பலகையின் நடுவே ஓடும் கோடும் இருந்தால் மூன்றாம் வகை. சிப்பி முத்து பதித்த ஐந்தாம் வகை, அதுவும் கோஆ மரத்தில் செய்ததாயின், பல ஆயிரம் டொலர் பெறும். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு சில கோடுகள்தான். தெரியாதவர் கண்ணுக்கு எல்லாமே ஒரு சிறுவனின் விளையாட்டுப் பொருள்.

குறைகளும் இப்படித்தான் ஒளிந்திருக்கும். காய்ந்த வீட்டில் பல வருடம் கிடந்த மரம் நார் வழியே வெடித்திருக்கும். வெடிப்பை ஒட்டி மெருகிட்டால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே தாங்குகட்டை கழன்றிருக்கும். தந்திகள் ஏறி நிற்கும் குதிரை மாற்றப்பட்டிருக்கும். எல்லாவற்றையும்விட, பழைய மெருகைச் சுரண்டிப் புதிதாய்ப் பூசியிருந்தால் பார்ப்பதற்கு அழகாக இருக்கும், விலையோ பாதியாகக்கூடக் குறைந்துவிடும்.

விற்பவன் இவற்றைச் சொல்ல வேண்டுமா என்பதில் எனக்குக் குழப்பமில்லை. வாப்பா துணிக்கடை வைத்திருந்தார். விலை பேசி முடிந்த பின்னும், துணியை மடிக்கு முன் பழுதுள்ள இடத்தை விரித்து, "இதைப் பார்த்தீங்களா?" என்று ஒரு முறை கேட்பார். சிலர் வாங்காமல் போவார்கள். நனைந்த தானியத்தை உள்ளே மறைத்து உலர்ந்ததை மேலே வைத்திருந்த வியாபாரியைச் சந்தையில் நபியவர்கள் (ஸல்) கண்டித்த சம்பவத்தை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். நனைந்ததை மேலே வை என்பதுதான் அதன் சாரம். தோழரும் அந்த வகையில் நேர்மையானவர். தான் விற்கும் ஒவ்வொரு வாத்தியத்தோடும் ஒரு தாளை வைத்து, எங்கே வெடிப்பு, எதை மாற்றினேன், எதை ஒட்டினேன் என்று எழுதிக் கொடுப்பார். அந்த 1,600 டொலர் உகுலேலேக்கும் அப்படி ஒரு தாள் எழுதியிருக்கிறார். ஒட்டிய தாங்குகட்டையைப் பற்றிக்கூட அதில் இருந்ததாம்.

ஆனால் வாங்குபவன்? வாப்பா மொத்தமாகச் சரக்கு எடுக்கும்போது கூடப் போயிருக்கிறேன். அங்கே அவர் வேறு மனிதர். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். நல்ல சரக்கைக் கண்டால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக் கொள்வார். விற்கும்போது வாயைத் திற, வாங்கும்போது வாயை மூடு என்பதே நான் அவரிடம் கற்ற பாடம். முன்னதை ஒழுக்கம் என்றும் பின்னதைக் கெட்டித்தனம் என்றும் என் மனம் பிரித்து வைத்திருந்தது. இரண்டும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்களாக இருக்கலாமோ என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. என் முதற் கடிதம் பிறந்தது இங்கிருந்துதான்.

*

இந்தக் கேள்வி மிகப் பழையது. கி.மு. 44இல் ரோம அறிஞர் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இது விவாதிக்கப்படுகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியத்தோடு வந்து சேர்கிறான். பின்னால் வேறு பல கப்பல்களும் தானியத்தோடு வருவதை வழியில் கண்டிருக்கிறான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக் அறிஞர்களான பாபிலோனிய டயோஜெனீஸும் அவருடைய மாணவர் அன்டிபேட்டரும் இதில் எதிரெதிராக நிற்கிறார்கள். பொருளின் குறையைச் சட்டப்படி சொன்னால் போதும், மறைப்பது வேறு, சொல்லாமலிருப்பது வேறு என்கிறார் ஆசிரியர். மனிதர்களின் நன்மைக்காகப் பிறந்த நீ, அவர்களுக்கு அருகே வந்து கொண்டிருக்கும் நன்மையை எப்படி மறைப்பாய் என்கிறார் மாணவர். சிசரோ மாணவரின் பக்கம் சாய்கிறார்.

சட்டமோ ஆசிரியரின் பக்கம் சாய்ந்தது. 1815இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடந்த ஒரு வழக்கு இன்றும் அமெரிக்கச் சட்ட மாணவர்களுக்குப் படிப்பிக்கப்படுகிறது. பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் புகையிலை விலை விழுந்திருந்தது. சமாதான உடன்படிக்கை கையெழுத்தான செய்தி ஒரு ஞாயிறு அதிகாலை ஓர்கன் என்ற வியாபாரிக்கு மற்றவர்களுக்கு முன்பே எட்டிவிட்டது. அவர் உடனே லெய்ட்லோ கம்பனியாரிடம் சென்று 111 பெரிய பீப்பாய்ப் புகையிலையை விலை பேசினார். ஏதாவது செய்தி உண்டா என்று அவர்கள் கேட்டதற்கும் அவர் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. செய்தி பரவியதும் விலை 30 முதல் 50 வீதம் வரை ஏறியது. 1817இல் உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல், வாங்குபவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்றார். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. மற்றவரை ஏமாற்றக்கூடிய எதையும் சொல்லாமலும் செய்யாமலும் இருக்க இரு தரப்பும் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கொண்டார். வழக்கு மறு விசாரணைக்கு அனுப்பப்பட்டது. 'செய்யாமலும்' என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

தோழர் தன் இரண்டாவது கடிதத்தில் தனக்காக வாதாடினார். வாதம் பலமானதுதான். "ஓர்கனுக்குச் செய்தி தற்செயலாகக் கிடைத்தது. எனக்கு இந்த அறிவு தற்செயலாகக் கிடைக்கவில்லை. இருபது வருடம் படித்தேன். ஏமாந்திருக்கிறேன். பழையதென்று போலியை வாங்கிப் பணம் தொலைத்திருக்கிறேன். அந்தக் கூலியைத்தான் நான் எடுத்தேன்." இதே வேறுபாட்டை அந்தோனி குரோன்மன் என்ற சட்ட அறிஞர் 1978இல் எழுதிய ஒரு கட்டுரையில் வகுத்துக் காட்டியிருக்கிறார். உழைத்துத் தேடிய அறிவை இலவசமாகக் கொடுத்துவிட வேண்டுமென்றால் எவரும் தேடமாட்டார்கள், அதனால் சமூகத்துக்கே நட்டம் என்பது அவர் தரப்பு நியாயம்.

இதில் உண்மை இருக்கிறது. தோழர் அன்று அந்தப் பக்கம் போகாதிருந்தால் அந்த உகுலேலே என்னவாகியிருக்கும்? இருபது டொலருக்கு ஒரு சிறுவனின் கைக்குப் போய் ஒரு மாதத்தில் உடைந்திருக்கலாம். குப்பை வண்டியில் ஏறியிருக்கலாம். சிலர் அவற்றுக்கு இரும்புத் தந்தி பூட்டிக் குதிரையையே பிய்த்தெடுத்து விடுகிறார்கள். அறிந்த கண்தான் அதைக் காப்பாற்றியது. அந்தக் கண்ணுக்குக் கூலி உண்டு என்பதை மறுக்க முடியாது.

ஆனால் கூலி எவ்வளவு என்பதை யார் தீர்மானிப்பது? வைத்தியரின் அறிவும் உழைத்துத் தேடியதுதான். நோயாளிக்குத் தன் நோய் தெரியாது என்பதற்காக வைத்தியர் அவருடைய வீட்டை எழுதி வாங்குவதில்லை. சொல்லிவிட்டுக் கூலி கேட்கிறார். "அம்மா, இது நீங்கள் நினைப்பதைவிடப் பெறுமதியானது. இதைத் திருத்தவும் ஆள் தேடவும் எனக்குச் செலவுண்டு, காலம் செல்லும். ஆகவே 800 தருகிறேன், விருப்பமா?" என்று தோழர் கேட்டிருக்கலாம். அறிவுக்கு அப்போதும் கூலி கிடைத்திருக்கும். கிடைக்காமல் போயிருக்கக் கூடியது, மற்றவரின் அறியாமைக்குரிய மிச்சப் பணம் மட்டுமே. அதற்காக அவர் உழைக்கவில்லை. அது அந்த மேசையில் கிடந்தது.

*

நம் மரபில் இதற்கு நெருங்கிய இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, ஊருக்கு வெளியே போய் வணிகக் கூட்டத்தை எதிர்கொண்டு வாங்குவதற்கு இடப்பட்ட தடை. பாலைவனத்திலிருந்து சரக்கோடு வருபவருக்கு நகரத்தின் விலை தெரியாது. நகரத்து வியாபாரி வழியிலேயே போய் நின்று குறைந்த விலைக்கு வாங்கிவிடுவான். அதை நபியவர்கள் (ஸல்) தடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டிருந்தால், விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் முறித்துக் கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றார்கள். இங்கே பொருளில் குறையில்லை. பொய் பேசப்படவில்லை. இரு தரப்பும் உடன்பட்டே விற்றன. ஆயினும் விலை தெரிந்தவன் தெரியாதவனைச் சந்தைக்கு வெளியே வைத்துச் சந்தித்தான் என்பதே போதுமானதாகக் கொள்ளப்பட்டது. அந்த மூதாட்டியின் வீட்டு முற்றமும் சந்தைக்கு வெளியே உள்ள இடம்தான்.

இதிலிருந்து ஒரு வேறுபாடும் கிடைக்கிறது. பழைய வாத்தியக் கடைக்காரர் ஒருவர் தன் கடையில் ஐந்தாம் வகையை மூன்றாம் வகையென்று குறைத்து விலையிட்டிருந்தால், அதை வாங்கும் தோழருக்கு அதே அளவு கடமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவர் சந்தைக்குள் இருப்பவர். அறிந்து கொள்வது அவருடைய தொழில், அந்தத் தொழிலின் இலாபத்தை அனுபவிப்பவரும் அவரே. கணவரின் சாமான்களைக் கண்ணீரோடு ஒதுக்கும் விதவை அந்த விளையாட்டுக்கு வந்தவரல்லர்.

இரண்டாவது, ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் குதிரைச் சம்பவம். அவர்களுக்காகப் பணியாளர் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்கு விலை பேசி, சொந்தக்காரரையும் பணம் பெறுவதற்காகக் கூட்டி வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் அவர்கள், இது 300ஐ விடப் பெறுமே, 400க்குத் தருகிறீரா என்றார்கள். பிறகு தாமே நூறு நூறாக ஏற்றிக் கொண்டுபோய் 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். முஸ்லிம்கள் ஒவ்வொருவருக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் (ஸல்) வாக்களித்திருக்கிறேன் என்பதே அவர்கள் சொன்ன காரணம். வியப்பு என்னவென்றால், சிசரோவின் நூலிலும் இதே போன்ற ஒரு சம்பவம் வருகிறது. ஸ்கேவோலா என்ற ரோமர் ஒரு நிலத்தை வாங்க வந்து, விற்பவர் சொன்ன விலையைக் கேட்டு, இது அதைவிடப் பெறும் என்று தாமாகவே ஒரு இலட்சம் செஸ்டர்ஸ் கூட்டிக் கொடுத்தார். வெவ்வேறு நூற்றாண்டுகள், வெவ்வேறு மார்க்கங்கள். இரு வாங்குபவர்களும் தம் வாயைத் திறந்தார்கள்.

ஜரீர் அவர்களின் வாக்கு முஸ்லிம்களைப் பற்றியதுதானே, அமெரிக்க மூதாட்டிக்கு அது பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். உண்மையில் ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். தராசைப் பிடிக்கும்போது எதிரே நிற்பவரின் பெயரைக் கேட்டுக் கொண்டா நிறுக்கிறோம் என்றேன். ஆள் பார்த்து வளையும் நேர்மை, நாளைக்கு நம்மவர் முன்னிலும் வளையும்.

அந்தச் சம்பவம் எல்லோருக்குமான கட்டளையல்ல, உயர்ந்தவர்களின் நிலை என்றும் சொல்லலாம். ஒப்புக் கொள்கிறேன். ஸ்கேவோலாவை நல்லவர் என்று ஏற்று, கெட்டிக்காரர் அல்லர் என்று சொன்னவர்களும் உண்டு என்று சிசரோவே எழுதுகிறார். எல்லோரையும் 800க்கு உயரச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் 300க்கும் 800க்கும் இடையில் நிறைய இடம் இருக்கிறது. அங்கே எந்தப் படியிலும் நிற்காமல், உயரமானவர்களைக் காட்டி நாம் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

*

இந்த அறியாமை வியாபாரம் தனி மனிதர்களோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1915க்குப் பின் உகுலேலே மோகம் பரவியபோது சிகாகோவின் பெரிய தொழிற்சாலைகள் அவற்றைக் குவியல் குவியலாகச் செய்து தள்ளின. 1916இல் சியர்ஸ் ரோபக் கம்பனி ஹார்மனித் தொழிற்சாலையையே விலைக்கு வாங்கியது, இந்தச் சந்தையைப் பிடிப்பதற்காகத்தான். அமெரிக்க நிலப்பரப்பில் செய்த உகுலேலேகள் சில, ஹவாயில் செய்தவை என்ற பெயரோடு விற்கப்பட்டன. வாங்கியவருக்கு வித்தியாசம் தெரியாது. ஹொனலூலுப் பட்டறைக்காரர்கள் முறையிட்டார்கள். அசலைக் காட்ட 'தபு' என்ற முத்திரை உருவாக்கப்பட்டது. விலக்கப்பட்டது என்ற பொருளுடைய பொலினேசியச் சொல் அது. 1893இல் அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டு, 1898இல் நாடே அமெரிக்காவோடு இணைக்கப்பட்டுவிட்ட ஒரு மக்களுக்கு, தம் வாத்தியத்தின் பெயரையாவது காப்பாற்றிக் கொள்ள ஒரு முத்திரை தேவைப்பட்டது. இன்று அந்த முத்திரையுள்ள பழைய உகுலேலேயைக் கண்டால் சேகரிப்பாளர்கள் மகிழ்கிறார்கள். அதன் பின்னாலுள்ள முறைப்பாட்டை எத்தனை பேர் நினைக்கிறார்களோ!

*

இப்போது அந்த இரண்டு இசைத்தட்டுகளுக்கு வருகிறேன். தோழரின் முதற் கடிதத்தை நான் மூன்றாம் தடவை படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. வேண்டாத இசைத்தட்டுகளை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? ஒவ்வொரு டொலருக்கும் பேரம் பேசும் மனிதர் அன்று மட்டும் ஏன் பேசவில்லை? விடை எங்கள் இருவருக்கும் தெரியும். உகுலேலேயை மட்டும் எடுத்தால் மூதாட்டி அதை இன்னொரு முறை பார்த்திருப்பார். பேரம் பேசினால் பேச்சு நீண்டிருக்கும். பேச்சு நீண்டால் கேள்வி வந்திருக்கும். கேள்வி வந்தால் பொய் சொல்ல வேண்டும், அல்லது உண்மை சொல்ல வேண்டும். அந்த இரண்டு இசைத்தட்டுகளும் கேள்வி வராமலிருப்பதற்காகக் கொடுத்த விலை.

மறைப்பது வேறு, சொல்லாமலிருப்பது வேறு என்ற டயோஜெனீஸின் கோடு இங்கேதான் அழிந்து போகிறது. எதையும் சொல்லாமலிருந்த தோழர் எதையோ செய்திருக்கிறார். மார்ஷல் தன் தீர்ப்பில் சேர்த்துக் கொண்ட அந்தச் சொல்லின்படி பார்த்தாலும், அவர் பாதுகாப்பான பக்கத்தில் இல்லை. மௌனம் தன்பாட்டில் நிற்பதில்லை. அதைக் காப்பாற்ற முகத்தையும் கையையும் கண்ணையும் பழக்க வேண்டியிருக்கிறது. வாப்பா நல்ல சரக்கைக் கண்டதும் கண்ணைத் திருப்பிக் கொண்டது எனக்கு இப்போது வேறு விதமாகத் தெரிகிறது. அவர் பேசிக் கொண்டிருந்தது எல்லாம் தெரிந்த மொத்த வியாபாரிகளோடு என்பதை ஆறுதலாக எடுத்துக் கொள்கிறேன்.

ஆகவே எனக்குத் தென்படும் அளவுகோல் எளிமையானது. நான் ஏன் இதை வாங்குகிறேன் என்பது இவருக்கு நாளை தெரிய வந்தால், அவர் முகத்தை நேரே பார்த்து நிற்க முடியுமா? கடைக்காரரின் முன் நிற்கலாம். அவர் தலையில் அடித்துக் கொண்டு சிரிப்பார், அடுத்த முறை கவனமாக இருப்பார். மூதாட்டியின் முன் நிற்க முடியாது என்றால், அன்றைக்கு ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

*

இதையெல்லாம் எழுதித் தோழருக்கு இரண்டாவது பதிலை அனுப்பினேன். அவர் அந்த வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். வேறு யாரோ குடியிருந்தார்கள். அவர்கள் மூலமாக மகளின் முகவரியைப் பெற்று, நடந்ததை மறைக்காமல் எழுதி, 800 டொலருக்குக் காசோலையும் வைத்து அனுப்பினார். சில வாரங்களில் மகளிடமிருந்து பதில் வந்தது. அம்மா பணத்தைப் பெற்றுக் கொண்டார், நன்றி சொல்லச் சொன்னார் என்று எழுதியிருந்த மகள், கீழே தன் பங்குக்கு ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். அது அப்பா தன் முதற் சம்பளத்தில் வாங்கியதென்று அம்மா அன்று உங்களிடம் சொல்லிக் கொண்டிருந்தாராமே, நீங்களும் நின்று கேட்டீர்களாமே, அப்போதும் உங்களுக்குத் தெரிந்துதான் இருந்ததா?

இந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதுவதென்று தோழர் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆம் என்று ஒரு சொல்லில் எழுதியதாகப் பிறகு சொன்னார்.

அவர் இன்னும் பழைய உகுலேலேகளை வாங்குகிறார். இப்போது வீட்டு முற்றங்களில் விலை பேசுவதற்கு முன்பு, தான் யார், அது என்ன, ஏறக்குறைய எவ்வளவு பெறும் என்பதைச் சொல்லிவிடுகிறாராம். சிலர் விலையை ஏற்றுகிறார்கள். சிலர் சந்தேகப்படுகிறார்கள், இவ்வளவு சொல்கிறவன் இன்னும் எதையோ மறைக்கிறான் என்று. ஒருவர் கையிலிருந்ததைத் திரும்ப வாங்கிக் கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாராம். இலாபம் குறைந்திருக்கிறது, முற்றாக நின்றுவிடவில்லை.

பிழை எதுவுமில்லை என்று நான் எழுதிய முதற் கடிதத்தைக் கிழித்துவிடும்படி அவரைக் கேட்டிருந்தேன். மாட்டேன் என்று பதில் வந்திருக்கிறது.